பழைய மடிக்கணினிக்கு மறுவாழ்வு

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி)

முன்னுரை

நம் வீட்டுத் தையல் இயந்திரம் ஓடாமல் நின்றால் நாம் அதைத் தூக்கி எறிவதில்லை. வார் தளர்ந்திருக்கும், அல்லது ஊசி முனை மழுங்கியிருக்கும். அதை மட்டும் மாற்றுகிறோம். மிதிவண்டியின் டயர் தேய்ந்தால் டயரை மட்டும் மாற்றுகிறோம். ஆனால் மடிக்கணினி ஒரு நாள் காலையில் கண் விழிக்கவில்லை என்றால், "அது போய்விட்டது" என்று ஒரே சொல்லில் தீர்ப்புக் கூறிப் பரணில் ஏற்றிவிடுகிறோம். சில ஆண்டுகள் கழித்து அது பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போகிறது.

இத்தீர்ப்பு சரிதானா? மடிக்கணினியும் பல பாகங்கள் கூடிய ஓர் இயந்திரமே. அது நின்றுபோனால் பெரும்பாலும் ஒரு பாகமோ இரண்டு பாகமோதான் கெட்டிருக்கும். மற்றவை நன்றாகவே இருக்கும். எது கெட்டது என்று பொறுமையாகக் கண்டறிந்து, அந்த ஒன்றை வேறொரு பழைய கணினியிலிருந்து எடுத்துப் பொருத்தினால் அது மீண்டும் இயங்கும். அதை எவ்வாறு செய்வது, எந்தப் பாகத்தைப் பழையதாக வாங்கலாம், எதைப் பழையதாக வாங்கவே கூடாது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

மடிக்கணினி வளர்ந்த வரலாறு

1981ஆம் ஆண்டு அமெரிக்காவில் 'ஆஸ்போர்ன் 1' என்ற கணினி விற்பனைக்கு வந்தது. கையில் தூக்கிச் செல்லக்கூடிய கணினி என்று அதற்குப் பெயர். ஆனால் அதன் எடை ஏறத்தாழ 11 கிலோ! மறு ஆண்டு, 1982இல், 'கிரிட் காம்பஸ்' என்ற கணினி வந்தது. திரையை மடித்து விசைப்பலகையின் மேல் மூடிவிடும் அமைப்பு இதில் இருந்தது. இன்று நாம் மடியில் வைத்துப் பயன்படுத்தும் கணினிகள் எல்லாம் இந்தச் சிப்பி வடிவத்தின் வழி வந்தவையே. அமெரிக்க விண்வெளி ஓடத்திலும் இக்கணினி பயணம் செய்துள்ளது. பின்னர் 1985இல் தோஷிபா நிறுவனத்தின் டி1100, 1992இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் திங்க்பேட் 700சி ஆகியவை வெளிவந்தன.

பழைய திங்க்பேட் கணினிகளைச் சீர் செய்து பேணிவரும் ஆர்வலர்கள் உலகெங்கும் உள்ளனர். இதற்குக் காரணங்கள் மூன்று. ஒன்று, ஒரே மாதிரிக் கணினிகள் பெரும் எண்ணிக்கையில் வெளிவந்தன. இரண்டு, பாகங்கள் பசையால் ஒட்டப்படாமல் திருகாணிகளால் பொருத்தப்பட்டிருந்தன. மூன்று, எந்தத் திருகாணியை எந்த வரிசையில் கழற்ற வேண்டும் என்று கூறும் பராமரிப்புக் கையேட்டை நிறுவனமே யாவரும் படிக்கும்படி வெளியிட்டது. எண்ணிக்கை, திருகாணி, கையேடு ஆகிய இம்மூன்றும் இருந்தால் எந்த இயந்திரத்துக்கும் ஆயுள் கூடும் என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டின் லட்சக்கணக்கான கணினிகள்

நம் மாநிலத்திலும் இத்தகைய வாய்ப்பு ஒன்று உள்ளது. 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், அப்போதைய முதலமைச்சர் செல்வி ஜெ. ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அரசுப் பள்ளிகள், அரசு உதவி பெறும் பள்ளிகள், கல்லூரிகள் ஆகியவற்றில் பயின்ற மாணவ மாணவியர் அவற்றைப் பெற்றனர். 'எல்காட்' எனப்படும் தமிழ்நாடு மின்னணு நிறுவனம் அவற்றை மொத்தமாகக் கொள்முதல் செய்தது. அடுத்த பத்தாண்டுக்குள் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் வழங்கப்பட்டன. கொரோனா நோய்க் காலத்துக்குப் பின் பள்ளி மாணவர்களுக்கு அவை முன்போல் வரவில்லை.

இதில் நாம் கவனிக்க வேண்டியது யாதெனில், ஓர் ஆண்டில் ஒரு சில நிறுவனங்களின் ஒரு சில மாதிரிகளே லட்சக்கணக்கில் வழங்கப்பட்டன. மேலூர் மாணவிக்குக் கிடைத்த கணினியும் திருமங்கலம் மாணவனுக்குக் கிடைத்த கணினியும் ஒரே அச்சில் வார்த்தவை. ஆகவே ஒன்றின் திரை மற்றொன்றுக்குப் பொருந்தும். ஒன்றின் விசைப்பலகை மற்றொன்றில் உட்காரும். நம் ஊர்ப் பரண்களில் உறங்கும் இக்கணினிகள் குப்பை அல்ல. ஒன்றுக்கொன்று உதவக்கூடிய உதிரிபாகக் கிடங்கு எனலாம்.

நம் மதுரைக்கு இவ்வழக்கம் புதிதன்று. திரு. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911இல் இந்நகரில்தான் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் கிடைக்காமல் வண்டிகள் நின்றபோது, அந்நிறுவனம் எரிவாயுக் கலன்களைச் செய்து வண்டிகளில் பொருத்தி ஓட வைத்தது. இல்லாததை எண்ணி வருந்தாமல், இருப்பதைக் கொண்டு ஓட்டும் வழியைக் கண்டனர். இன்றும் திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குச் சென்றால், பிறர் கழித்த கருவிகளையும் உதிரிபாகங்களையும் தேடி வாங்குவோரைக் காணலாம்.

எங்கள் வீட்டு எடுத்துக்காட்டு

பாடத்தை எளிதில் விளங்கிக்கொள்ள எங்கள் குடும்பத்துக் கணினி ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். என் சித்தி 2012இல் பிளஸ் டூ படித்தபோது பெற்ற மடிக்கணினி அது. கல்லூரி முடியும் வரை பயன்பட்டது. பின்பு பல ஆண்டுகள் பரணில் கிடந்தது. என் பெரியம்மா மகள் உசிலம்பட்டிக்கு அப்பால் ஒரு கிராமத்தில் பிளஸ் ஒன் படிக்கிறாள். கணினி அறிவியல் அவளது பாடம். சி பிளஸ் பிளஸ் மொழியில் நிரல் எழுதிப் பழக, பள்ளி ஆய்வகத்தில் கிடைக்கும் நேரம் ஒன்றே வழி. வீட்டில் இருப்பது பெரியப்பாவின் கைப்பேசி மட்டும். அதுவும் அவர் வேலை முடிந்து வந்த பிறகுதான் கிடைக்கும். "எனக்கு இது பரணில் கிடந்து என்ன பயன்? அவளுக்காவது உதவட்டும்" என்றார் சித்தி. கணினி பழுது பார்க்கும் என் தாய்மாமாவிடம் அதை எடுத்துச் சென்றோம். கோடை விடுமுறையில் அவர் அருகில் இருந்து நான் கற்றுக்கொண்டவையே இனி வருபவை.

முதலில் நகல், பிறகு பழுது

மாமா எதையும் சோதிப்பதற்கு முன் கணினியின் அடிப்பக்கத்தைத் திறந்து ஹார்டு டிஸ்க்கைக் கழற்றினார். "சாமான் கெட்டா கடையில வாங்கிக்கலாம்மா. உள்ள இருக்கிறது போனா எந்தக் கடையிலயும் கிடைக்காது" என்றார்.

ஹார்டு டிஸ்க்கின் உள்ளே கண்ணாடி போன்ற தட்டு ஒன்று நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்கிறது. அதன் மேல் படிக்கும் முனை, தட்டைத் தொடாமல், தலைமயிரின் கனத்தைவிட மிகமிகக் குறைந்த இடைவெளியில் மிதக்கிறது. வயதான டிஸ்க்கில் இம்முனை தடுமாறும்; 'டிக், டிக்' என்ற ஒலி கேட்கும். அந்நிலையில் அதை மீண்டும் மீண்டும் ஓட்டினால் உள்ளதும் அழியும். ஆகவே அதைத் தனியாக ஒரு வடம் மூலம் வேறு கணினியில் இணைத்து, உள்ளவற்றை முதலில் நகல் எடுக்க வேண்டும். சித்தியின் டிஸ்க் தள்ளாடித் தள்ளாடி ஓர் இரவு முழுவதும் எடுத்துக்கொண்டது. அதில் சித்தியின் கல்லூரிக் குறிப்புகளோடு, காலமான எங்கள் தாத்தா பேசிய 4 நிமிடக் குரல் பதிவு ஒன்றும் இருந்தது. அது இருப்பதையே எல்லோரும் மறந்திருந்தனர்.

நோய் அறியும் முறை

நல்ல மருத்துவர் நாடி பார்க்காமல் மருந்து எழுத மாட்டார். கணினிக்கும் அப்படியே. இதற்கு ஒரே விதிதான் உண்டு: ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால் எதனால் குணமானது என்று தெரியாது.

முதலில் சார்ஜரைப் பார்க்க வேண்டும். அதன் மீது 19 வோல்ட், 3.42 ஆம்பியர் என்பது போல அச்சிட்டிருக்கும். நாம் பாடத்தில் படித்தபடி, மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் திறன் கிடைக்கும்; 19 பெருக்கல் 3.42 ஏறத்தாழ 65 வாட். மல்டிமீட்டரில் அளந்தபோது எங்கள் சார்ஜரில் ஒன்றும் வரவில்லை. செருகும் முனையருகே வயர் உள்ளுக்குள் அறுந்திருந்தது. மாற்றுச் சார்ஜர் வாங்கும்போது வோல்ட் அளவு கணினியில் குறிப்பிட்டதற்கு ஒத்திருக்க வேண்டும். ஆம்பியர் அளவு சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. ஏனெனில் கணினி தனக்கு வேண்டிய மின்னோட்டத்தை மட்டுமே எடுத்துக்கொள்ளும். நேர் மின் முனை உள்ளேயா வெளியேயா என்பதும், செருகும் முனையின் அளவும் ஒத்திருக்க வேண்டும்.

நல்ல சார்ஜரைச் செருகியதும் விளக்கு எரிந்தது, விசிறி சுழன்றது. ஆனால் திரையில் ஒன்றும் இல்லை. இங்கேதான் பலர், "மதர்போர்டு போய்விட்டது" என்று முடிவு கட்டிவிடுகின்றனர். மாமா மின்சாரத்தைத் துண்டித்து, பாட்டரியையும் கழற்றி, இயக்கும் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தார். உள்ளே தங்கிய மின்னூட்டம் இதனால் வடிந்துவிடும். பிறகு 'ராம்' எனப்படும் நினைவகப் பலகையைக் கழற்றினார். அதன் பொன்னிற விளிம்பில் பல ஆண்டு அழுக்குப் படிந்திருந்தது. பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்து, தூளைத் துடைத்து, 'டக்' என்ற ஒலி கேட்கும்படி மீண்டும் பொருத்தினோம். திரையில் எழுத்துகள் தோன்றின!

அதுவும் பலிக்காவிட்டால் அடுத்த சோதனை உண்டு. கணினியின் பக்கவாட்டில் உள்ள துளையில் வேறொரு திரையை இணைத்துப் பார்க்க வேண்டும். அதில் படம் வந்தால் மதர்போர்டு நலமாக உள்ளது. கணினியின் சொந்தத் திரையோ அதன் வடமோதான் குறை. டார்ச் விளக்கைத் திரையில் சாய்வாக அடித்துப் பார்க்கும்போது மங்கலாகப் படம் தெரிந்தால், திரைக்குப் பின்னுள்ள விளக்கு மட்டுமே போயிருக்கிறது என்று பொருள்.

கடிகாரம் தவறான நாளைக் காட்டியது. மதர்போர்டில் உள்ள நாணயம் போன்ற சிறு பாட்டரி தீர்ந்ததே காரணம். அதன் பெயர் சி.ஆர். 2032. இப்பெயரிலேயே அளவு அடங்கியுள்ளது: விட்டம் 20 மில்லிமீட்டர், கனம் 3.2 மில்லிமீட்டர். அதன் மின்னழுத்தம் 3 வோல்ட்.

பத்து நிமிடம் ஓடியதும் கணினி சூடேறித் தானே நின்றது. காரணம் தூசி. மதுரைக் கோடையில் வெப்பம் 40 டிகிரியைத் தொடும். அறைக் காற்றே சுடும்போது கணினி எப்படிக் குளிரும்? விசிறிக்கும் செப்புத் தகடுகளுக்கும் இடையே பஞ்சு போலத் தூசி அடைத்திருந்தது. விசிறி இறக்கைகளை விரலால் பிடித்துக்கொண்டு ஊதி அகற்றினோம். பிடிக்காமல் ஊதினால் விசிறி அளவுக்கு மீறிச் சுழன்று கெடும். பிறகு செயலியின் மேல் காய்ந்து மண்ணாகியிருந்த வெப்பப் பசையைத் துடைத்து, பச்சரிசி மணி அளவு புதிய பசை வைத்தோம். வழவழப்பாகத் தோன்றும் இரண்டு உலோகப் பரப்புகளுக்கு இடையிலும் நுண்ணிய காற்றிடைவெளிகள் இருக்கும். காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. அவ்விடைவெளியை நிரப்புவதே பசையின் பணி. ஆகவே நிறையப் பூசினால் நன்மை இல்லை.

கழற்றிய திருகாணிகளை மாமா ஓர் அட்டையில் கணினியின் படம் வரைந்து, எங்கிருந்து எடுத்தாரோ அங்கேயே குத்தி வைத்தார். நீளமான திருகாணியைக் குட்டையானது இருந்த இடத்தில் முடுக்கினால் அது பலகையைத் துளைத்துவிடும். இவ்வெளிய பழக்கம் பல கணினிகளைக் காப்பாற்றும்.

எதைப் பழையதாக வாங்கலாம்?

சித்தியின் கணினியில் விசைப்பலகையின் சில எழுத்துகள் வேலை செய்யவில்லை. மூடியின் கீல் ஒன்று உடைந்திருந்தது. மேலூர்ப் பக்கம் பழைய இரும்புக் கடை ஒன்றில் அதே மாதிரிக் கணினி ஒன்றை மாமா எடைக்கு வாங்கி வந்தார். அதன் மதர்போர்டில் தண்ணீர் புகுந்து பச்சை பூத்திருந்தது. இனி அது ஓடாது. ஆனால் விசைப்பலகை, கீல், திரை, ராம் யாவும் நன்றாக இருந்தன. விசைப்பலகையும் கீலும் சித்தியின் கணினிக்கு அப்படியே பொருந்தின. அதன் ராம் பலகையும் சேர்ந்ததால் நினைவகம் 2 ஜி.பி.யிலிருந்து 4 ஜி.பி. ஆயிற்று.

ராம் வாங்குவோர் அதன் வகையைப் பார்க்க வேண்டும். மடிக்கணினிக்குரிய டி.டி.ஆர். 2 பலகையில் 200 இணைப்பு முனைகள், டி.டி.ஆர். 3இல் 204, டி.டி.ஆர். 4இல் 260. நடுவில் உள்ள வெட்டும் இடம் மாறும். ஒன்றின் இடத்தில் மற்றொன்றை அழுத்தித் திணிக்கக் கூடாது. திரையை மாற்றுவோர் அதன் பின்புற இணைப்பில் 30 முனைகளா 40 முனைகளா என்று பார்க்க வேண்டும். மிகப் பழைய திரைகளில் பாதரசம் உள்ள மெல்லிய குழல் விளக்கும், அதற்கு நூற்றுக்கணக்கான வோல்ட் தரும் சிறு பலகையும் உண்டு. அவற்றை நாம் தொடவே கூடாது.

விசைப்பலகை, கீல், திருகாணி, மூடி, விசிறி, ராம், திரை ஆகியவற்றைப் பழையதாக வாங்கலாம். வாங்கும் இடத்திலேயே ஓட்டிப் பார்க்க முடிந்தால் நலம்.

எதைப் பழையதாக வாங்கக் கூடாது?

பாட்டரியை ஒருபோதும் பழையதாக வாங்கக் கூடாது. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

மடிக்கணினியில் உள்ளது லித்தியம் அயனி பாட்டரி. சோனி நிறுவனம் 1991இல் இதை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதனை உருவாக்க அடிகோலிய ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவரும் 2019இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். அப்போது குட்இனஃப் அவர்களுக்கு வயது 97! நோபல் பரிசு பெற்றவர்களில் அவரே மிக மூத்தவர்.

பழைய மடிக்கணினிகளின் பாட்டரிப் பெட்டிக்குள் 18650 என்ற உருளை வடிவ மின்கலங்கள் இருக்கும். இங்கும் பெயரிலேயே அளவு உள்ளது: விட்டம் 18 மில்லிமீட்டர், நீளம் 65 மில்லிமீட்டர். ஒரு கலம் 3.6 வோல்ட். 6 கலங்கள் உள்ள பெட்டியில் இரண்டிரண்டாகப் பக்க இணைப்பில் சேர்த்து, அம்மூன்று இணைகளையும் தொடரிணைப்பில் கோப்பார்கள். 3 பெருக்கல் 3.6, ஆக 10.8 வோல்ட்.

பல ஆண்டுகள் பரணில் கிடந்த பாட்டரி முழுவதும் வடிந்துவிடும். அப்போது உள்ளிருக்கும் செப்புத் தகடு சிறிது சிறிதாகக் கரையும். மீண்டும் மின்னேற்றும்போது கரைந்த செம்பு வேறிடத்தில் படிந்து, உள்ளேயே மின்குறுக்கு ஏற்படுத்தலாம். வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் மின்னேற்றத்தில் சூடாகித் தீப்பற்றக்கூடும். உப்பிய பாட்டரியோ உள்ளே வாயு சேர்ந்தது. அதைக் குத்தவோ, அழுத்தவோ, வெயிலில் வைக்கவோ, வீட்டுக் குப்பையில் போடவோ கூடாது. ஆகவே எங்கள் கணினிக்குப் புதிய பாட்டரியே வாங்கினோம். எவ்வளவு சிக்கனம் பார்த்தாலும், தூங்கும் பிள்ளையின் அருகில் மின்னேற்றும் பொருளில் சிக்கனம் பார்க்கலாகாது.

ஹார்டு டிஸ்க்கும் பழையதாக வாங்கத் தக்கதன்று. அதன் மிச்ச ஆயுள் எவ்வளவு என்று அறிய இயலாது. அதற்குப் பதில் சுழலும் பாகம் ஏதுமில்லாத எஸ்.எஸ்.டி. என்ற புதிய சேமிப்பகத்தை வாங்கிப் பொருத்தினோம். 2.5 அங்குல அளவும் இணைப்பும் ஒன்றே. பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் கனம், புதியது 7 மில்லிமீட்டர். ஆடாமல் இருக்கச் சிறு சட்டம் ஒன்றை அடியில் வைத்தோம். முன்பு எழுந்து வரப் பல நிமிடங்கள் எடுத்த கணினி இப்போது ஒரு நிமிடத்துக்குள் ஆயத்தமாகிறது.

பிறர் பொருள்

மேலூரிலிருந்து வந்த கணினியிலும் ஹார்டு டிஸ்க் இருந்தது. சோதிப்பதற்காக இணைத்தபோது, ஒரு பெண்ணின் பெயரில் அமைந்த கோப்புறை திரையில் தெரிந்தது. அதன் கீழே 'அப்பா' என்று மற்றொன்று. மாமா எதையும் திறக்கவில்லை. இரும்புக் கடைக்காரருக்கு அது யாருடையது என்று தெரியவில்லை. திருப்பிக் கொடுக்க வழி இல்லை. ஆகவே டிஸ்க் முழுவதையும் சுழியங்களால் நிரப்பி அழித்தார். எங்கள் தாத்தாவின் குரலை மீட்ட அதே மேசையில் வேறொரு குடும்பத்தின் நினைவுகள் அழிவதைப் பார்த்தபோது என் மனம் கனத்தது. "நாம பார்க்கிறதும் தப்பு, வேற யாரும் பார்க்க விடுறதும் தப்பு" என்றார் மாமா.

கோப்பை 'நீக்கு' என்று அழுத்தினால் அது அழிந்துவிடுவதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில், புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழித்தது போலத்தான் அது. பக்கங்கள் அப்படியே இருக்கும். தேடத் தெரிந்தவர் படித்துவிடுவார். தோழியரே, உங்கள் வீட்டுக் கணினி எந்தக் கடைக்குப் போவதாக இருந்தாலும், முதலில் வேண்டியவற்றை நகல் எடுங்கள். பிறகு ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள், அல்லது முழுவதும் மேலெழுதி அழித்துவிடுங்கள். நம் படமும் சான்றிதழும் எடைக்குப் போக வேண்டியவை அல்ல.

மற்றொன்றும் கூற வேண்டும். அரசு அளித்த கணினிகள் படிப்புக்காகத் தரப்பட்டவை, விற்பதற்காக அல்ல. பயன்படாதபோது உறவிலோ அண்டை வீட்டிலோ படிக்கும் பிள்ளைக்குக் கொடுப்பதே அதன் நோக்கத்துக்கு ஏற்றதாகும்.

உயிர் கொடுக்கும் மென்பொருள்

உடல் சீரானாலும் உயிர் வேண்டும் அல்லவா? விண்டோஸ் 7க்கான பாதுகாப்பு உதவியை அந்நிறுவனம் 2020 ஜனவரி 14 அன்று நிறுத்தியது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 அன்று இலவச உதவி முடிந்தது. புதிய விண்டோஸ் 11 பழைய செயலிகளை ஏற்பதில்லை. இயந்திரம் நன்றாக இருந்தும் கழிக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்கு மாற்று, லினக்ஸ். பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய இதனை எவரும் விலையின்றிப் பெறலாம், பிறருக்கும் தரலாம். நம் நாட்டு அரசு நிறுவனமான சி-டாக், டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு 'பாஸ்' என்ற இயங்குதளத்தை உருவாக்கியது. விலையில்லா மடிக்கணினிகளிலும் இது இடம்பெற்றது. லினக்ஸ் நிறுவுமுன் செயலி 32 பிட்டா 64 பிட்டா என்று பார்க்க வேண்டும். 2025இல் வெளிவந்த டெபியன் 13ஐ 32 பிட் கணினிகளில் புதிதாக நிறுவ இயலாது. சித்தியின் கணினி 64 பிட் ஆனதால் தடை இல்லை. இலகுவான திரை அமைப்புள்ள லினக்ஸ் ஒன்றை நிறுவி, சி பிளஸ் பிளஸ் நிரல்களை இயக்கும் மென்பொருளையும், தமிழ் 99 விசைப்பலகை முறையையும் சேர்த்தோம்.

செலவுக் கணக்கு

சார்ஜர் (பழையது) ரூ. 350, பழைய இரும்புக் கடைக் கணினி ரூ. 400, சிறு பாட்டரி ரூ. 40, வெப்பப் பசை ரூ. 120, எஸ்.எஸ்.டி. ரூ. 1,300, புதிய பாட்டரி ரூ. 1,500. ஆக மொத்தம் ரூ. 3,710. மாமா கூலி வாங்கவில்லை. வரவுப் பக்கத்தில் பணத்தைத் தவிர மற்றொன்றும் உண்டு. ஒரு மடிக்கணினி தன் வாழ்நாளில் உண்டாக்கும் கரிவாயுவில் பெரும்பகுதி, அதைத் தொழிற்சாலையில் செய்யும்போதே வெளியாகிவிடுகிறது. ஆகவே பழையதை இன்னும் சில ஆண்டுகள் ஓட்டுவது காற்றுக்கும் நன்மை.

இனிப் பயன்படாத பாகங்களை என்ன செய்வது? பழைய பலகைகளின் பற்றாசில் ஈயம் உண்டு. செம்பும் பொன்னும் எடுப்பதற்காகச் சிலர் அவற்றைத் திறந்தவெளியில் எரிக்கின்றனர். அப்புகை நெல் வயலிலும் கிணற்றிலும் சென்று படியும். 2022ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. அவற்றின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சி நிலையங்களே இக்கழிவுகளைக் கையாள வேண்டும். தண்ணீர் புகுந்த அந்த மதர்போர்டையும் பழைய பாட்டரிகளையும் மாமா தனித்தனிப் பெட்டியில் போட்டு, அத்தகைய இடத்துக்கு அனுப்ப வைத்திருக்கிறார்.

முடிவுரை

நாடுகளும் இப்போது இதை உணர்ந்து வருகின்றன. கருவிகளை எவ்வளவு எளிதில் பழுது பார்க்கலாம் என்று மதிப்பெண் இடும் முறையை பிரான்சு நாடு 2021 ஜனவரியில் கொண்டுவந்தது. நம் நாட்டில் 'பழுது பார்க்கும் உரிமை' என்ற பெயரில் நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. இன்று வரும் மெல்லிய கணினிகள் பலவற்றில் ராம் பலகையைக் கழற்றவே இயலாது. பாட்டரி பசையால் ஒட்டப்பட்டிருக்கும். ஆகவே புதிய கணினி வாங்கும்போது நிறத்தையும் மெலிவையும் மட்டும் பார்க்காமல், "இதன் அடிப்பக்கத்தைத் திறக்க முடியுமா? பாட்டரியை மாற்ற முடியுமா?" என்றும் கடைக்காரரைக் கேட்போம்.

பெரியம்மா மகள் இப்போது இரவில் பெரியப்பாவின் கைப்பேசிக்காகக் காத்திருப்பதில்லை. தான் எழுதிய முதல் நிரல் ஓடியதும், 1 முதல் 100 வரையுள்ள பகா எண்களை அது வரிசையாகக் காட்டியதைப் படம் எடுத்துச் சித்திக்கு அனுப்பினாளாம்.

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பார்கள். தோழியரே, உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு மடிக்கணினி உறங்கிக்கொண்டிருக்கலாம். பெரியவர் ஒருவரின் துணையோடு அதை இறக்கிப் பாருங்கள். பாட்டரி உப்பியிருக்கிறதா என்று முதலில் கவனியுங்கள், உள்ளவற்றை நகல் எடுங்கள், ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். ஓடினால் படிக்கும் ஒருவருக்குப் பயன்படும். ஓடாவிட்டாலும் அதன் பாகங்கள் மற்றொன்றை ஓட வைக்கும். இதனை உணர்ந்து செயல்படுவோமாக!